வீட்டுத் தயிர்ல உண்மையிலேயே பலன் இருக்கா, இல்ல ப்ரோபயாடிக் கப்பு வாங்கினாத்தானா?

கேள்வி: 2024 ஏப்ரல் 14

எங்கம்மாவுக்கு 62 வயசு, சுகர், மெட்ஃபார்மின் போடுறாங்க. டாக்டர் தெனம் ஒரு கப் தயிர் சேத்துக்கச் சொன்னாரு. அம்மா வீட்லயே உறை ஊத்துறாங்க. நான் என்ன சொல்றேன்னா வீட்டுத் தயிர்ல என்ன பாக்டீரியா இருக்கு எவ்ளோ இருக்குன்னு யாருக்கும் தெரியாது, கடையில ப்ரோபயாடிக்னு விக்கிற கப்புல எல்லாம் எழுதியே இருக்கு, அதனால அதத்தான் வாங்கணும். அம்மா சண்டைக்கு வர்றாங்க. அப்புறம் எனக்குப் பால் குடிச்சா வயிறு உப்பிக்குது, தயிர் சாப்பிட்டா ஒண்ணும் ஆகல, அது ஏன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2024 ஏப்ரல் 14, ராத்திரி

நான் உங்கம்மா கட்சி தம்பி. ஆனா நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

உசிலம்பட்டி பக்கம் ஒரு பால் சொசைட்டியில 11 வருசம் டெஸ்டரா இருந்தவன் நான். காலையில அஞ்சரைக்கெல்லாம் கேன் வரிசையா வந்து நிக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி எடுத்து ஜாடியில ஊத்தி, பால் எவ்ளோ கெட்டின்னு காட்டுற லாக்டோமீட்டர மெதக்க விட்டு டிகிரி பாத்து நோட்டுல எழுதணும். பால் பத்தி எனக்குத் தெரிஞ்சதுல பாதி அங்க கத்துக்கிட்டது, பாதி எங்க அப்பத்தா கையப் பாத்துக் கத்துக்கிட்டது, அதுக்கப்புறம் படிச்சது கொஞ்சம்.

மொதல்ல உங்க வயிறு. பால்ல லாக்டோஸ்னு ஒரு சக்கரை இருக்கு. அத ஒடைக்க குடல்ல லாக்டேஸ்னு ஒரு நொதி வேணும். பால்குடி மறந்த பிறகு அது நெறைய பேருக்குக் கொறஞ்சிடும், தென்னிந்தியாவுல வளந்தவங்கள்ல பாதிக்கு மேல அப்படித்தான். ஒடையாத சக்கரை பெருங்குடலுக்குப் போய் அங்க இருக்கிற கிருமி அதத் தின்னு கேஸ் விடும், அதான் உப்புசம். இது நோய் இல்ல. தயிர்ல அந்த லாக்டோஸ பாக்டீரியா ஏற்கனவே தின்னு லாக்டிக் ஆசிடா மாத்திடுச்சு, அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகல.

ரெண்டாவது, வீட்டுத் தயிர்ல என்ன இருக்குங்கறது. ஒரே ஒரு பாக்டீரியா இல்ல, ஒரு கூட்டமே இருக்கும். லாக்டோகாக்கஸ், லூகோநாஸ்டாக், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ்ல சில வகைன்னு. நம்ம தயிர்ல வர்ற வாசம் இருக்கே, வெண்ணெ மாதிரி ஒண்ணு, அது அந்த லூகோநாஸ்டாக் மாதிரி ஆளுங்க செய்யிறது. எவ்ளோ இருக்குன்னு கேட்டா, நேத்து ராத்திரி ஊத்தி இன்னைக்கு காலையில கெட்டியா உறைஞ்ச தயிர்ல ஒவ்வொரு ஸ்பூன்லயும் கோடிக்கணக்குல உயிரோட இருக்கு. அது உறைஞ்சதே அதுக்கு அத்தாட்சி. பாக்டீரியா பெருகி பால்ல புளிப்பு ஏறி, பிஎச்ங்கற அளவு (புளிப்பு ஏற ஏற இது எறங்கும்) 6.6ல இருந்து 4.6 கிட்ட எறங்குனாத்தான் பால் புரதம் கட்டிப் பிடிக்கும். ஆள் இல்லாம பால் தயிர் ஆகாது.

உங்க நியாயம் எதுன்னா, ப்ரோபயாடிக்ங்கற வார்த்தைக்கு ஒரு அர்த்தம் இருக்கு. இன்ன வகை பாக்டீரியா, இவ்ளோ அளவு, இன்ன நன்மைன்னு ஆள் வச்சு பரிசோதிச்சு நிரூபிச்சிருக்கணும். வீட்டுத் தயிர அப்படி யாரும் பரிசோதிக்கல, ஏன்னா உங்க வீட்டுத் தயிர் வேற எங்க வீட்டுத் தயிர் வேற. அதனால வீட்டுத் தயிர ப்ரோபயாடிக்னு சொல்ல முடியாது, உயிருள்ள தயிர்னு சொல்லலாம். கப்பு வாங்குனா பின்னாடி திருப்பி எந்த வகைன்னு முழுப்பேரு போட்டிருக்கா, சக்கரை எவ்ளோ சேத்திருக்காங்கன்னு பாருங்க. சுகர் உள்ள அம்மாவுக்கு ஸ்ட்ராபெர்ரி கப்பு வாங்கிக் குடுத்துட்டு நல்லதுன்னு நெனச்சுக்காதீங்க.

2024 ஏப்ரல் 15

ராத்திரி எழுதுனத இப்பப் படிச்சா ஒரு இடம் தப்பு. லாக்டோஸ் பூரா தீந்துடும்னு அர்த்தம் வர்ற மாதிரி எழுதிட்டேன். இல்ல. உறையும்போது கால்வாசி, கூடிப்போனா மூணுல ஒரு பங்கு தான் கொறையும். மிச்சம் தயிர்லயே இருக்கு. அப்ப ஏன் உப்புசம் வரலன்னா அந்த பாக்டீரியா உயிரோட வயித்துக்குள்ள போகுது, அதுக்குள்ள லாக்டோஸ ஒடைக்கிற நொதி இருக்கு, சிறுகுடல்ல போய் நம்ம வேலைய அது செஞ்சு குடுக்குது. தயிர் கெட்டியா இருக்கறதால மெதுவா எறங்குறதும் ஒரு காரணம். தயிருக்குன்னு சொல்ற பலன்கள்ல ரொம்ப உறுதியா நிக்கிறது இதுதான், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010ல யோகர்ட்டுக்கு ஒத்துக்கிட்டதும் இதத்தான், கிராமுக்கு 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்கணும்ங்கற நிபந்தனையோட. மத்த எத்தனையோ ப்ரோபயாடிக் விளம்பர வாசகத்த அவங்க தள்ளிட்டாங்க.

இன்னொண்ணு. பால் புரதமே ஒத்துக்காத அலர்ஜி வேற, இது வேற. தடிப்பு, மூச்சுத்திணறல்னு வர்றவங்களுக்கு தயிரும் ஆகாது. ரெண்டையும் கொழப்பிக்காதீங்க.

2024 ஏப்ரல் 24

நேத்து அழகர் ஆத்துல எறங்குனாரு. கோரிப்பாளையத்துல இருந்து நடந்து வந்தேன், வழி பூரா நீர்மோர் பந்தல், எண்ணிக்கிட்டே வந்து பாதியில விட்டுட்டேன். ஒரு பந்தல்ல ஒரு வயசான அம்மா மண்பானையில கைய விட்டுக் கலக்கிக்கிட்டே "மோரப் பெருக்கிக் குடிங்கப்பா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நீரச் சுருக்கி மோரப் பெருக்கி நெய்ய உருக்கின்னு எங்க அப்பத்தாவும் சொல்லும். ரொம்ப நாளு நான் அதுக்கு மோர் நெறையக் குடிக்கணும்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு இருந்தேன். அது இல்ல. தண்ணிய நெறைய ஊத்தி மோர பெருக்கணும், கெட்டித் தயிரா அடிக்காதன்னு அர்த்தம். தண்ணிய காய்ச்சிச் சுருக்கு, மோர தண்ணி விட்டுப் பெருக்கு, நெய்ய உருக்கு. மூணுமே செய்முறை.

இதுல இன்னொரு விசயமும் மாறிப் போச்சு. அப்பத்தா காலத்து மோருங்கறது தயிர மத்துல கடஞ்சு வெண்ணெய எடுத்துட்டு மிச்சம் இருக்கிறது. அதுல கொழுப்பு ஒரு சதத்துக்கும் கீழ தான் இருக்கும். உறியில தொங்குற தாழி, ஒரு பக்கம் கயிற இழுத்தா மத்து சுத்தும், கொஞ்ச நேரத்துல சத்தம் மாறும், சளசளன்னு இருந்தது கனமா வரும், அப்ப வெண்ணெ தெரண்டுடுச்சுன்னு அர்த்தம், கையில பச்சத்தண்ணி தொட்டுக்கிட்டு உருட்டி எடுக்கும். இன்னைக்கு நாம மோர்னு சொல்றது தயிர்ல தண்ணி ஊத்தி மிக்சியில ஒரு சுத்து விட்டது, வெண்ணெ பூரா உள்ளயே இருக்கு. ஆரஞ்சு பாக்கெட் பால்ல 6 சதம் கொழுப்பு, பச்சையில 4.5, நீலத்துல 3. எதுல உறை ஊத்துறீங்களோ அந்தக் கொழுப்பு தான் உங்க மோர்லயும். அதனால தாத்தா மூணு சொம்பு மோர் குடிச்சாரு நானும் குடிப்பேன்னு சொன்னா ரெண்டு மோரும் ஒண்ணு இல்ல.

உப்பு. பிரசர் இருக்கிறவங்க மோருக்கு உப்பு, தொட்டுக்க மோர்மொளகா, கூட ஊறுகான்னு போனா நாளைக்கு 5 கிராம்ங்கற கணக்கு ஒரு வேளையிலயே தாண்டிடும். இஞ்சி, கருவேப்பில, கொத்தமல்லி, கொஞ்சம் பெருங்காயம் தட்டிப் போட்டா உப்பு கம்மியானது நாக்குக்குத் தெரியாது, செஞ்சு பாருங்க.

2024 மே 2

கொதிக்கிற சோத்துல தயிர் ஊத்திப் பெசஞ்சா பாக்டீரியா செத்துடுமான்னு மேல ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. ஆமா பாப்பா, ஆவி பறக்குற சோத்துல போட்டா பெரும்பாலும் செத்துடும். மோர்க்குழம்புலயும் அதே கதை. ஆனா சுண்ணாம்புச் சத்தும் புரதமும் எங்கயும் போகாது. உயிரோட வேணும்னா சோறு கைபொறுக்குற சூட்டுக்கு வந்த பிறகு ஊத்து. ஊருக்குக் கட்டிட்டுப் போற தயிர்சோத்துக்கு சூட்டோட பாலூத்திக் கொழைச்சு ஆறுனதும் ஒரு ஸ்பூன் தயிர் விடுவாங்களே, அது சாயங்காலம் புளிக்காம இருக்கறதுக்காகச் செய்யிறது, ஆனா அந்த சோறு டப்பாவுக்குள்ளயே தயிராகிட்டு இருக்கும், திருச்செந்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள உயிருள்ள தயிர்சோறு ரெடி.

2024 மே 19

இது நீளமா வரும், பொறுத்துக்கங்க, ஏன்னா இந்த இழையிலயே முக்கியமானது இதுதான்னு எனக்குத் தோணுது.

மூணு நாளா எங்க வீட்ல தயிர் உறையல. எப்பவும் போல பால காய்ச்சி, ஆடை கட்ட விட்டு, விரல விட்டா பொறுக்குற சூட்டுக்கு ஆற வச்சு, அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை விட்டு, ரெண்டு ஆத்து ஆத்தி மூடி வச்சேன். மதுரை மே மாசத்துக்கு நாலு அஞ்சு மணி நேரத்துல கல்லு மாதிரி உறையணும். எட்டு மணி நேரம் ஆச்சு, தொறந்தா பால் பாலாவே இருக்கு. லேசா கொழகொழன்னு, ஒரு மாதிரி வாசம். மொத நாள் உறை சரியில்லன்னு நெனச்சேன். ரெண்டாம் நாள் பக்கத்து வீட்டு உறை வாங்கி ஊத்தினேன், அதுவும் இல்ல. வீட்ல சொன்னாங்க, கைராசி போயிடுச்சோன்னு. மூணாம் நாள் அதே உறைய பாக்கெட் பால்ல ஒரு டம்ளர் தனியா ஊத்தி வச்சுப் பாத்தேன். பாக்கெட் பால் ஜம்முன்னு உறைஞ்சுது, கறந்த பால் உறையல. அப்ப உறையில குத்தம் இல்ல, பால்ல தான்.

பால்காரர் எனக்கு நல்லாத் தெரிஞ்சவரு. மாட்டுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன், மொதல்ல ஒண்ணும் இல்லன்னாரு, அப்புறம் மடிநோய்னு ஒரு காம்புல ஊசி மருந்து ஏத்துனதச் சொன்னாரு. ஏத்துன மறுநாளே அந்தப் பாலும் சேந்து வந்திருக்கு. அந்த மருந்து ஆன்டிபயாட்டிக். பால் வழியா வெளிய வரும், காய்ச்சுனாலும் முழுசா அழியாது, உறை பாக்டீரியாவ பெருக விடாது. மருந்து போட்டா இத்தன நாளைக்கு அந்தப் பால மனுசருக்கு ஊத்தக் கூடாதுன்னு டப்பாவுலயே கணக்கு இருக்கு. அவரு மேல கோவம் வரல, நாலு மாட்ட வச்சு பொழைக்கிற மனுசனுக்கு ஒரு மாட்டுப் பால கொட்டுறதுன்னா என்ன நட்டம்னு எனக்குத் தெரியும். ஆனா தெனம் ஒரு பேரப்புள்ளைக்கு அந்தப் பால் போகுதேன்னு சொன்னேன். புரிஞ்சுக்கிட்டாரு, அந்த மாட்டுப் பால தனியா கறந்து கொட்டுறாரு இப்ப.

சொசைட்டியில நாங்க எத்தனையோ டெஸ்ட் பண்ணுவோம், ஆனா எங்க அப்பத்தா ஒரு கருவியும் இல்லாம தெனம் ராத்திரி ஒரு டெஸ்ட் பண்ணிருக்கு, பால தயிராக்கி. நல்ல பாலும் நல்ல உறையும் கண்டா பால் உறையும். மருந்து அதிகமா கலந்த பால் உறையாது. அப்படியே குடிச்சா நமக்குத் தெரியவே தெரியாது. வீட்ல உறை ஊத்துறதுல இருக்கிற ஆரோக்கியம்னா பாக்டீரியா எண்ணிக்கைய மட்டும் நான் சொல்ல மாட்டேன் தம்பி, இதையும் சேத்துத்தான் சொல்லுவேன். கப்புல எழுதுன எழுத்து உங்களுக்கு இத சொல்லாது.

2024 மே 20

நேத்து விட்டது ஒண்ணு. புளிச்சுப் போற பால மறைக்க சோடா உப்பு போடுறவங்களும் உண்டு, அந்தப் பாலும் உறைய ரொம்ப நேரம் எடுக்கும், தயிர் சப்புன்னு இருக்கும். எங்க டெஸ்ட்ல ரோசாலிக் ஆசிட் விட்டா ரோஸ் கலர் வந்துடும். வீட்ல அது இருக்காது, ஆனா உறை அதே, பாத்திரம் அதே, சூடு அதே, தயிர் மட்டும் திடீர்னு நின்னா பால சந்தேகப்படுங்க.

அப்புறம் காய்ச்சாத பால்ல உறை ஊத்துனா தான் இயற்கைன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. வேண்டாம் சார். பச்சப் பால்ல புரூசெல்லா மாதிரி கிருமி மாட்டுலருந்து வரும், தயிரோட புளிப்பு அத நம்பகமா கொல்லாது. காய்ச்சுறது கிருமிக்கு மட்டும் இல்ல, 85, 90 டிகிரிக்குப் போகும்போது பால்ல இருக்கிற மோர்ப் புரதம் கலைஞ்சு கேசின்ங்கற இன்னொரு பால் புரதத்தோட ஒட்டிக்கும், அதனாலதான் நல்லா காய்ச்சின பால்ல தயிர் கெட்டியா, தண்ணி பிரியாம வரும். பொங்கி வந்ததும் எறக்காம தீயக் கொறச்சு கொஞ்ச நேரம் விடுங்க.

2024 ஜூன் 8

சுகருக்கு வர்றேன், தம்பி அம்மாவுக்காக.

அமெரிக்காவுல உணவு, மருந்தக் கண்காணிக்கிற எஃப்டிஏங்கற அரசு அமைப்பு 2024 மார்ச்ல ஒரு அனுமதி குடுத்துச்சு. வாரம் 2 கப் யோகர்ட் சாப்பிட்டா டைப் 2 சர்க்கரை நோய் வர்ற அபாயம் கொறையலாம்னு பாக்கெட்ல போட்டுக்கலாம்னு. உடனே வாட்ஸப்ல தயிர் சுகர குணப்படுத்துதுன்னு சுத்துது. ரெண்டு விசயம். ஒண்ணு, ஆதாரம் குறைவுங்கறத அதே வாசகத்துல சேத்துப் போடணும்னு எஃப்டிஏவே சொல்லியிருக்கு, ஒரு பெரிய யோகர்ட் கம்பெனி மனு போட்டுக் கேட்டு வாங்குனது இது. ரெண்டு, அது வராம இருக்கறதப் பத்தி, வந்ததக் கொணமாக்குறதப் பத்தி இல்ல. வந்தவங்க மாத்திரைய நிறுத்திட்டு தயிர நம்பக் கூடாது.

எங்க அப்பாவுக்கு 20 வருசமா சுகர். ராத்திரி தயிர்சோறு, லேசான சாப்பாடுன்னு அவரு நெனப்பு, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். மகள் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிட்டு வந்து சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா எகிறிக் கெடக்கு. தயிர் மேல பழி போட்டு தயிர நிறுத்தினோம், அப்பவும் எறங்கல, ஏன்னா சோறு அதே அளவு ரசத்தோட போச்சு. அப்புறம் சோத்த பாதியாக்கி, தயிர அதே ஒரு கப் வச்சு, வெள்ளரிக்காயும் கேரட்டும் துருவிப் போட்டுக் குடுத்தோம். எறங்குச்சு. தப்பு சோத்து அளவுல இருந்துருக்கு, ஒரு மாசம் பாவம் அவரு தயிர் இல்லாம சாப்பிட்டாரு.

ஒரு கப் தயிர்ல சுமாரா 200 மில்லிகிராம் கால்சியம் வரும், நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000. அதனால தயிர் ஒண்ணே போதும்னு இல்ல, கேழ்வரகும் கீரையும் சேரணும். அதோட பி12ம் தயிர்ல பாக்டீரியா உண்டாக்கிக் குடுக்கும், சைவக்காரங்களுக்கு நல்லது.

2024 ஜூன் 11

பி12 பத்தி நான் எழுதுனது தப்பு. நல்லவேளை ஒரு டாக்டரம்மா சுட்டிக் காட்டுனாங்க. தயிர் பாக்டீரியா பி12 உண்டாக்காது, பால்ல இருக்கிற பி12ல கொஞ்சத்த அதுவே தின்னுடும், மிச்சம் தான் நமக்கு. உண்டாக்குறது ஃபோலேட், அது வேற வைட்டமின். சைவமா இருந்து தயிர நம்பி பி12 சரியா இருக்கும்னு யாரும் இருந்துடாதீங்க. தம்பி, இது உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம், மெட்ஃபார்மின் வருசக்கணக்கா போட்டா பி12 உடம்புல ஏறுறது கொறையும். அம்மாவுக்கு கால் மதமதப்பு இருக்கான்னு கேளுங்க, ரத்தத்துல பி12 ஒரு தடவ பாத்துடுங்க.

2024 ஜூலை 16

தயிரால கெடுதல் வந்தது ஒரே ஒரு தடவ, அதையும் எழுதிடுறேன். எனக்கு நீர்க்கடுப்பு, சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் குடுத்தாங்க. வயித்தப் புண்ணாக்கும்னு மாத்திரைய ஒரு டம்ளர் மோரோட முழுங்கினேன், அஞ்சு நாளும். கேக்கல. திரும்பப் போனா மருந்துக் கடைத் தம்பி தான் எதோட சாப்டீங்கன்னு கேட்டுச்சு. பால், தயிர், மோர்ல இருக்கிற கால்சியம் அந்த மருந்தப் பிடிச்சுக்கும், உடம்புக்குள்ள போறது கொறஞ்சிடும். டாக்சிசைக்ளின் வகைக்கும் இதே. தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். இரும்புச்சத்து மாத்திரையையும் தயிர்சோத்தோட போடாதீங்க, கர்ப்பமா இருக்கிற பொண்ணுங்க இதக் கவனிங்க, நம்ம வீடுகள்ல மதிய சாப்பாடு முடிஞ்ச கையோட தான் மாத்திரை குடுக்குறோம்.

பேதிக்கு மோர் நல்லதுங்கறதும் பாதி சரி. ஓஆர்எஸ் தான் மொதல்ல. உப்புப் போட்ட மோர் கூடக் குடுக்கலாம், அதுக்குப் பதிலா இல்ல. சின்னப் புள்ளைங்கன்னா மோர மட்டும் குடுத்துட்டு வீட்ல வச்சிருக்காதீங்க. கிட்னி சரியில்லாதவங்க, கீமோ எடுக்குறவங்க டாக்டரக் கேக்காம தயிர கூட்டவும் வேணாம் கொறைக்கவும் வேணாம்.

2024 ஆகஸ்ட் 25

யோகர்ட்டும் தயிரும் ஒண்ணா, இவ்ளோ நேரம் ரெண்டையும் ஒண்ணாப் பேசுறீங்களேன்னு கேட்டது நியாயமான கேள்வி. ஒண்ணு இல்ல. யோகர்ட்ல ரெண்டே பேரு தான், தெர்மோஃபிலஸும் பல்காரிகஸும், 42, 43 டிகிரி சூட்டுல வளர்றவங்க. பல்கேரியாக்காரர் ஸ்டாமென் கிரிகோரோவ் 1905ல ஜெனீவாவுல அந்த ஊர்த் தயிர்லருந்து பல்காரிகஸ கண்டுபிடிச்சாரு. பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல இருந்த மெச்னிகாஃப் அதப் பிடிச்சுக்கிட்டு பல்கேரியா கிராமத்தாளுங்க நெறைய வயசு இருக்கிறது இந்தப் புளிச்ச பாலாலதான்னு சொல்லி உலகம் பூரா பரப்புனாரு, 1908ல நோபல் வாங்குனவரு, ஆனா அது வேற வேலைக்கு, நோய் எதிர்ப்புச் சக்தி பத்துனதுக்கு. அவரே தெனம் புளிச்ச பால் குடிச்சவரு, 71 வயசுல தான் போனாரு. பல்காரிகஸ் நம்ம குடல்ல குடியேறாதுன்னு பின்னாடி தெரிஞ்சுது. வந்து வேலை செஞ்சுட்டுப் போற விருந்தாளி அது. அதனால தான் தயிர் தெனம் சாப்பிடணும்னு சொல்றது, ஒரு நாள் சாப்பிட்டு ஒரு மாசம் விட்டா அது அங்க உக்காந்திருக்காது.

நம்ம உறையில பெரும்பாலும் 30, 35 டிகிரியில வளர்ற ஆளுங்க. யோகர்ட்ல நடந்த ஆராய்ச்சிய அப்படியே நம்ம தயிருக்கு ஒட்ட வைக்கக் கூடாது, நானும் மேல சில இடத்துல ஒட்ட வச்சிருக்கேன். லாக்டோஸ் விசயத்துல பொருந்தும்னு தைரியமா சொல்லுவேன், மத்ததுல அவ்ளோ தைரியம் இல்ல.

மட்டக்களப்பு எருமைத் தயிர் பத்தி எழுதுன அண்ணனுக்கு: மண்சட்டியில கவுத்தாலும் விழாத தயிர்னு நீங்க சொன்னது உண்மை தான், எருமைப் பால்ல கொழுப்பும் புரதமும் கூட, அதோட சட்டி தண்ணிய இழுத்துக்கும். கித்துள் பாணி, அதான் கூந்தப்பனைப் பாகு, ஊத்தி சாப்பிட ஆசை தான் அண்ணே. நானும் மண்சட்டிக்கு மாறிட்டேன், ஆனா சோப்பு போடாதீங்க, சட்டி குடிச்சுக்கும். வெந்நியும் தேங்கா நாரும் போட்டுத் தேச்சு வெயில்ல கவுத்தணும்.

2024 அக்டோபர் 6

பேரு பத்தி பேச்சு வந்துருச்சு. 2023 மார்ச்ல மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்ல 'தஹி'ன்னு இந்திப் பேரு போடச் சொன்னப்ப நம்ம ஊரு எதிர்த்துச்சு, அதே மாசக் கடைசியில அடைப்புக்குறிக்குள்ள தயிர்னு போட்டுக்கலாம்னு மாத்துனாங்க. எனக்கு அதுல சந்தோசம். உறை, பெறை, பிரை, தோய்க்கிறது, ஊருக்கு ஒண்ணா நீங்க எழுதுன எல்லாத்தையும் குறிச்சு வச்சிருக்கேன். எங்க பக்கம் உறமோர்.

2024 டிசம்பர் 22

மார்கழி. இப்ப ரெண்டு கேள்வி திரும்பத் திரும்ப வருது.

ராத்திரி தயிர் சாப்டா சளி பிடிக்குமா. பெரியவங்க வேணாம்னுதான் சொன்னாங்க, நானும் ரொம்ப வருசம் ராத்திரி தொட்டதில்ல. தயிர் சளிய உண்டாக்குதுன்னு காட்டுன நல்ல ஆதாரம் எனக்குக் கெடைக்கல. ஆனா ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த கையோட சில்லுன்னு சாப்டா எனக்குத் தொண்ட கட்டுது, வெளிய வச்சு சாப்டா கட்டல. அப்பத்தா காலத்துல ஃப்ரிட்ஜ் இல்ல, ராத்திரிக்குள்ள காலைத் தயிர் கடும்புளிப்பாகிடும், அந்தப் புளிப்பு தான் ராத்திரி வயித்துக்கு ஆகாம இருந்துருக்கும்னு இப்ப எனக்கு ஒரு நெனப்பு. நெஞ்செரிச்சல் உள்ளவங்க சாப்டதும் படுக்காதீங்க, அவ்ளோதான்.

குளுருக்கு உறைய மாட்டேங்குது. உறைய ஒண்ணரை ஸ்பூனாக்குங்க, பாத்திரத்த துணியில சுத்தி அரிசி டின்னுக்குள்ள எறக்கி வைங்க, ஆட்டக் கூடாது. உறையே இல்லாதவங்க காஞ்ச மொளகா காம்ப நாலஞ்சு கிள்ளி இளஞ்சூட்டுப் பால்ல போட்டு வைங்க, காம்புல ஒட்டியிருக்கிற பாக்டீரியாவே பால உறைய வைக்கும். அந்த மொதத் தயிர சாப்பிடாதீங்க, சொதசொதன்னு இருக்கும், அதுலருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்து ஊத்துங்க, மூணாவது நாலாவது ஈட்டுல தயிர் ருசி வரும். பச்சையாவோ ரோஸாவோ மேல பூத்துச்சுன்னா சுரண்டிட்டு சாப்பிடுற வேலை வேணாம், மொத்தமா கொட்டிடுங்க.

2025 பிப்ரவரி 2

தம்பி எழுதுனதப் படிச்சேன். அம்மாவுக்கு பி12 கம்மின்னு வந்து ஊசி போடுறாங்கன்னு கேட்டதும் மனசு பதறுச்சு, தெரிஞ்சதே நல்லது. ரெண்டு கப் வரைக்கும் தயிர் ஒத்துக்குது, பால்பாயசம் சேந்தா உப்புதுன்னு நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கு, உங்க குடலுக்கு ஒரு அளவு இருக்கு, அது தாண்டாம பாத்துக்கங்க. கப்பு வாங்குறத நிறுத்திட்டீங்கன்னு அம்மா ஜெயிச்சதா நெனைக்க வேணாம், சக்கரை போடாத கப்பு ஊருக்குப் போற எடத்துல வாங்கிச் சாப்பிடலாம், தப்பில்ல. உங்க வீட்டு உறை இப்பல்லாம் நூல் நூலா இழுக்குதுன்னு கேட்டீங்களே, நாத்தம் இல்லன்னா பயப்பட வேணாம், சில பாக்டீரியா அப்படி ஒரு பிசின் விடும். பிடிக்கலன்னா வேற வீட்டு உறை வாங்கிப் புதுசா ஆரம்பிங்க.

எங்க மாடியில குடி வந்திருக்கிற பொண்ணுக்கும் உறை கெட்டுப் போச்சாம், நேத்து கிண்ணத்தோட வந்துச்சு. மணி ஆறாகப் போகுது, விளக்கு வச்சா பால் தயிர் வெளிய குடுக்க மாட்டாங்க எங்க வீட்ல, வேகவேகமா ரெண்டு ஸ்பூன் எடுத்து ஊத்திக் குடுத்தேன். காலையில கிண்ணத்தக் கழுவி அதுல நாலு பச்சமொளகாயும் ஒரு கொத்து கருவேப்பிலையும் வச்சுத் திருப்பிக் குடுத்துட்டுப் போச்சு. உறைஞ்சுதான்னு கேட்டேன், கரண்டி நிக்குது மாமான்னு சொல்லுச்சு.